அந்தோணியார் கை வைத்த தொண்டை

எங்கள் அண்ணன் ஆரோக்கியதாஸ் குடியை விட்ட கதையை ஊரில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். அண்ணனே சொல்வான். கேட்காதவர்களையும் நிறுத்தி வைத்துச் சொல்வான். தவக்காலம் முழுக்க அவன் குடிக்கவில்லை. அது ஒன்றும் அதிசயமில்லை. எங்கள் ஊர் வேதக்காரர்களில் பாதி ஆம்பளைகள் சாம்பல் புதனன்று நெற்றியில் சாம்பல் விழுந்ததும் பாட்டிலை மூடுவார்கள், ஈஸ்டர் பூசை முடிந்த கையோடு திறப்பார்கள். அண்ணனும் அப்படித்தான் திறந்தான். கறிச்சோறு தின்றுவிட்டு, கூட்டாளிகளோடு தோப்பில் உட்கார்ந்து முதல் டம்ளரை வாயில் வைத்தான். பாதிகூட இறங்கியிருக்காது. முகம் மிளகாய்ப்பழமாகச் சிவந்துவிட்டது. நெஞ்சு அடித்த அடி பக்கத்தில் இருந்தவனுக்கே கேட்டதாம். குடலே வெளியே வருகிற மாதிரி வாந்தியெடுத்து மண்ணில் உருண்டான். உருண்டுகொண்டே, "அந்தோணியார் என் தொண்டையில கை வச்சிட்டாருடா!" என்று கத்தினான்.

எங்கள் ஊர்க் கோயில் அந்தோணியார் கோயில். வருஷா வருஷம் அவர் பீடத்தைத் தொட்டு, குடிக்க மாட்டேன் என்று சொல்கிறவன்தான் அண்ணன். இந்த வருஷம் அவர் அதை நிஜமாகவே காதில் வாங்கிவிட்டார் என்று ஊர் நம்பியது. பிறகு ஒரு கல்யாண வீட்டில் யாரோ ஊற்றிக் கொடுக்க, மறுபடியும் அதே சிவப்பு, அதே வாந்தி. அதோடு அண்ணன் தொடவில்லை. செவ்வாய்க்கிழமை தவறாமல் கோயிலுக்குப் போய் மெழுகுவர்த்தி ஏற்ற ஆரம்பித்தான்.

நானும் நம்பினேன். நம்பாமல் என்ன செய்ய? எரியோட்டில் என்னைக் கட்டிக்கொடுத்த இடத்தில் குடிகாரனிடம் அடி வாங்கி, ஒரு துணிப்பையோடு பஸ் ஏறி வந்தவள் நான். என் வீட்டுக்காரன் தொண்டை மட்டும் அந்தோணியார் கைக்கு எட்டவில்லையா என்று அவரோடு சண்டை போட்டிருக்கிறேன். ஆனாலும் அண்ணனுக்குச் செய்தாரே என்று மன்னித்துவிட்டேன். அண்ணன் வீட்டுக்கு அடுத்த வீட்டில்தான் இருக்கிறேன். சுவருக்கு அந்தப் பக்கம் தட்டு உடைகிற சத்தம் கேட்காமல் ஒரு பொழுது விடிந்தது பாருங்கள், அது எப்படி இருந்தது என்று என்னால் சொல்ல முடியாது.

அதற்கப்புறம்தான் சார்லஸ் சார் வந்தார். திண்டுக்கல்லில் ஒரு கல்லூரியில் வாத்தியார், ஆராய்ச்சிக்காரர். ஆத்தூர் அணைக்குப் போகிற பாதையில் எங்கள் ஊர்ப் பக்கம் பன்னீர் திராட்சைதான். பழுக்கிற நேரத்தில் ஒரு மழை விழுந்தால் போதும், பழம் வெடித்துவிடும். வெடித்த பழத்தை வியாபாரி கண்கொண்டு பார்க்க மாட்டான். கொடியிலேயே அழுகும், இல்லை குப்பைக்குப் போகும். அந்தப் பழத்தை வைத்து கோயில்களுக்குப் பூசை ரசம், அதாவது பூசையில் வைக்கிற திராட்சை ஒயின், செய்யலாம் என்றார் சார். அதற்கான அனுமதியை ஏற்கெனவே வைத்திருந்த ஒரு சபையாரையும் பேசிச் சேர்த்துக்கொண்டார். சக்கை ஆட்டுக்கும் எருக்குழிக்கும் போகும். காலிப் பாட்டில் கோயில்களிலிருந்து திரும்பி வரும், பெண்கள் குழு கழுவித் தரும். எதுவுமே வீணாகாத தொழில் ஒன்றைச் சின்ன விவசாயிகள் நடத்த முடியுமா, நடத்தினால் அவர்கள் குடும்பம் நிமிருமா என்பதுதான் ஆராய்ச்சி.

இந்தக் குடும்பப் பகுதிக்கு அவர் வைத்த பெயர் 'குடும்பத் துணை'. அதற்கு என்னை வேலைக்கு எடுத்தார். வீடு வீடாகப் போய், யார் சாப்பிட்டார்கள், யார் அடித்தார்கள், பிள்ளை பள்ளிக்கூடம் போனதா என்று விசாரிக்க வேண்டும். எனக்கு அது சும்மாவே செய்கிற வேலை. சம்பளம் கொடுத்துச் செய்யச் சொன்னால் கசக்குமா?

ரசக் கொட்டகைக்கு யாரைப் பொறுப்பாகப் போடுவது என்று வந்தபோது சார் அண்ணனைக் கை காட்டினார். ஊரே சிரித்தது. "ஏலே, ஆரோக்கியம் வீட்டுக்கு நேரா பைப்பே போட்டுட்டானுகளேடா!" என்று டீக்கடையில் கூத்தடித்தார்கள். சார் அசரவில்லை. "அடுத்தவன் சரக்கைத்தான் மனுஷன் குடிப்பான். அது தன்னோடது, தன் பெண்டாட்டி பிள்ளையோடதுனு ஆயிட்டா, காவல் காப்பான். அதைத்தான் நான் நிரூபிக்கப் போறேன்" என்றார். எனக்கு அது கேட்க நன்றாக இருந்தது.

அண்ணனும் நிரூபித்தான். பழத்தை மிதித்துத் தொட்டியில் விட்டதும் அது பொங்க ஆரம்பிக்கும். கொட்டகைக்குள் நுழைந்தாலே தலை கிறுகிறுக்கும். அண்ணன் அதற்குள்ளேயே கிடந்தான். நாக்கில் ஒரு சொட்டு வைக்க மாட்டான். மோந்து பார்த்தே, இன்றைக்கு வடிக்கலாம், இதை நாளைக்கு விடலாம் என்பான். நுரை அதிகமாகப் பொங்குகிற நாட்களில் அவன் முகம் சிவந்து தலைவலி வரும். வெளியே வந்து உட்கார்ந்துகொண்டு சிரிப்பான்.

"அந்தோணியார் ஞாபகப்படுத்துறாரு. ஏலே, நான் இங்கனதான் இருக்கேன்னு சொல்றாரு."

திண்டுக்கல்லில் ஒரு கூட்டம் போட்டு சார் அண்ணனை மேடையேற்றினார். வெள்ளைச் சட்டை, வெள்ளை வேட்டி. "நான் நாயா கிடந்தேன், இப்ப மனுஷனா நிக்கிறேன்" என்று அண்ணன் சொன்னபோது எனக்கு அழுகை வந்துவிட்டது. பக்கத்தில் உட்கார்ந்திருந்த அண்ணன் பெண்டாட்டி ஆனந்தமேரி மதினியைப் பார்த்தேன். அவள் அழவில்லை. தரையைப் பார்த்துக்கொண்டு ஜெபமாலையை உருட்டிக்கொண்டிருந்தாள். இவள் ஒரு கல்நெஞ்சுக்காரி என்று நினைத்துக்கொண்டேன்.

கூட்டம் முடிந்ததும் பெண்கள் மதினியைச் சுற்றிக்கொண்டார்கள். "எப்படிக்கா திருத்துனீங்க?" என்று ஆளாளுக்குக் கேட்டார்கள். மதினி, "ஜெபந்தான்" என்று ஒற்றை வார்த்தை சொல்லிவிட்டு பஸ்ஸுக்கு நடந்துவிட்டாள்.

அண்ணனை வைத்து சார் அடுத்த படிக்குப் போனார். அவனைப் போலவே குடிக்கிற ஆட்களைக் கொட்டகையில் பங்காளியாகச் சேர்ப்பது. முதல் ஆள் மணிமாறன். எங்கள் தெருக்கோடி வீடு. நல்ல உழைப்பாளி, அந்தி சாய்ந்தால் வேறு ஆள். அவன் பெண்டாட்டி கௌசல்யா பழனிப் பக்கம் பாலசமுத்திரத்துப் பெண். சேர்க்கச் சொல்லி என் காலைப் பிடிக்காத குறையாகக் கேட்டவளே அவள்தான்.

"ஏனுங்க அக்கா, உங்க அண்ணனுக்கு ஆன மாதிரி எங்க வூட்டுக்காரருக்கும் ஆயிராதுங்களா? நானும் செவ்வாக்கிழமை உங்க கோயிலுக்கு வர்றேனுங்க."

வந்தாள். முருகனுக்கும் விளக்கு, அந்தோணியாருக்கும் மெழுகுவர்த்தி. ஒன்றும் ஆகவில்லை. மணிமாறன் கொட்டகையில் சேர்ந்த கொஞ்ச நாளிலேயே பாதி பொங்கின சாற்றை மொண்டு குடித்துவிட்டு எருக்குழிப் பக்கம் விழுந்து கிடந்தான். அண்ணன்தான் தூக்கிக்கொண்டு வந்தான். திட்டவில்லை.

"பொறுடா அப்பு. எனக்கும் ஒரே நாள்ல வரல" என்று தோளைத் தட்டினான். சார், "ஆரம்பத்துல சறுக்கும். டைம் குடுப்போம்" என்றார்.

ஒரு நாள் கௌசல்யா மதினி வீட்டு அடுப்படியில் உட்கார்ந்து தேம்பிக்கொண்டிருந்தாள். உதடு கிழிந்திருந்தது. நான் மருந்து எடுத்துக்கொண்டு உள்ளே போனபோது அவள் கேட்டுக்கொண்டிருந்தது என் காதில் விழுந்தது.

"நாங்க சாமி கும்புடற ஆளுங்கன்னு உங்க அந்தோணியாரு எங்களைப் பாக்க மாட்டேங்கறாருங்களா அக்கா?"

மதினி முகம் செத்துப்போனது. எழுந்து அரிசிப் பானைப் பக்கம் போனாள். நான் கௌசல்யாவுக்கு மருந்தைத் தடவிவிட்டு வேலைக்குக் கிளம்பிவிட்டேன். நான் போன பிறகு மதினி அவளுக்கு என்ன கொடுத்தனுப்பினாள் என்பது எனக்கு அப்போது தெரியாது.

அது தெரிந்தது இரண்டு நாள் கழித்து, ஆஸ்பத்திரியில்.

பகல் வேளை. கொட்டகையில் பழம் மிதித்துக்கொண்டிருந்த மணிமாறன் தண்ணீர் குடிக்கிறேன் என்று பின்பக்கம் போனான். செத்த நேரத்தில் ஒரு அலறல். ஓடிப்போய்ப் பார்த்தால், கையில் மொண்ட சொம்போடு தரையில் கிடக்கிறான். உடம்பெல்லாம் சிவந்து, கண் செருகி, மூச்சு விட முடியாமல் மார்பைப் பிடித்துக்கொண்டு நெளிகிறான். வாந்தி நிற்கவில்லை. அண்ணன் அவனைத் தோளில் போட்டுக்கொண்டு ரோட்டுக்கு ஓடினான். ஓடும்போதே அவன் முகத்தில் ஒரு வெளிச்சம்.

"அந்தோணியார் கை வச்சிட்டாரு! டேய் மணி, பயப்படாதடா, உனக்கும் வச்சிட்டாருடா!"

நானும் அல்லேலூயா என்றேன். சொல்ல வெட்கமாக இருக்கிறது, சந்தோஷமாகத்தான் சொன்னேன்.

திண்டுக்கல் ஆஸ்பத்திரிக்குப் போவதற்குள் மணிமாறன் கை கால் ஜில்லிட்டுவிட்டது. டாக்டரம்மா பார்த்தவுடனே முகம் மாறினாள். ஊசி, குளுக்கோஸ், ஆக்சிஜன் என்று ஓட்டமாக ஓடினார்கள். பிறகு வெளியே வந்து, மதினியோடு பின்னாலேயே வந்து சேர்ந்திருந்த கௌசல்யாவைப் பிடித்தாள்.

"குடியை நிறுத்துற மாத்திரை ஏதாவது இவருக்குக் குடுத்தீங்களா? பொய் சொல்லாதீங்க. பொய் சொன்னா ஆள் போயிடுவாரு."

கௌசல்யா சுவரோடு சரிந்து உட்கார்ந்தாள். "இன்னைக்குக் காத்தால கொழம்புல போட்டேனுங்க" என்றாள். "பொடி பண்ணி, அவருக்குத் தெரியாம."

"குடிச்சுக்கிட்டு இருக்குற ஆளுக்கு இதைக் குடுப்பாங்களா? அதுவும் டாக்டர் சொல்லாம, அவருக்கே தெரியாம! மூஞ்சி சிவந்து, நெஞ்சு படபடத்து, பிரஷர் இறங்கி... இவரு பொழைச்சது பெருசு. யாரு குடுத்தா இதை?"

 கௌசல்யாவின் கண் மதினி பக்கம் போய்விட்டது. நான் மதினியைப் பார்த்தேன். மதினி அண்ணனைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அண்ணன் அப்படியே நின்றான். சட்டையெல்லாம் மணிமாறனின் வாந்தி. அவன் உதடு மட்டும் அசைந்தது. டாக்டரம்மா சொன்னதைத் தனக்குள் திருப்பிச் சொல்லிப் பார்த்தான். மூஞ்சி சிவந்து. நெஞ்சு படபடத்து. பிறகு மிகவும் மரியாதையாக, ஒரு பள்ளிக்கூடத்துப் பையன் மாதிரிக் கேட்டான்.

"டாக்டரம்மா, அந்த மாத்திரையை நிறுத்திட்டா, உடம்பவிட்டு எப்பப் போகும்?"

"ரெண்டு வாரம் வரைக்கும்கூட இருக்கும். அது வரைக்கும் இவரு ஒரு சொட்டு தொடக் கூடாது, சொல்லி வைங்க."

"சரிங்கம்மா" என்றான் அண்ணன். மதினி பக்கம் திரும்பி, சத்தமே இல்லாமல் கேட்டான். "அப்ப அந்தோணியாரு என் மேல கையே வைக்கலயா, மேரி?"

மதினி சேலைத் தலைப்பை வாயில் திணித்துக்கொண்டாள். அவன் பதிலுக்குக் காத்திருக்கவில்லை. படியிறங்கிப் போய்விட்டான்.

அன்றைக்கு வீட்டுக்கு வந்ததும் எனக்கு வந்த கோபத்துக்கு அளவே இல்லை. மதினியை அடுப்படியில் நிறுத்தி வைத்து வாய்க்கு வந்தபடி கேட்டேன். "கட்டுன புருஷன் சோத்துல மருந்து வைக்க உங்களுக்கு எப்படி மதினி மனசு வந்துச்சு? அந்த ஆளு ஊரறிய மேடை ஏறிச் சாட்சி சொன்னப்ப வாய மூடிக்கிட்டு உக்காந்திருந்தீங்களே, நீங்க எல்லாம் ஒரு பொம்பளையா?"

மதினி அதுவரைக்கும் என்னிடம் சத்தம் போட்டுப் பேசியதே கிடையாது. அன்றைக்குப் பேசினாள்.

"ஆமா, வச்சேன். தவக்காலத்துல அவரு குடிக்காம இருக்கும்போதே ஆரம்பிச்சேன், மருந்துக்கடைக்காரர் அப்படித்தான் சொன்னாரு. நீ பையத் தூக்கிக்கிட்டு உங்க அண்ணன் வீட்டுக்கு வந்துட்ட வினோ. நான் எந்த அண்ணன் வீட்டுக்குப் போறது? எனக்கு யாரு இருக்கா? ரெண்டு புள்ளையையும் கட்டிலுக்கு அடியில ஒளிச்சு வச்சு எம்புட்டு நாள் நான் முழிச்சுக் கெடந்தேன்னு உனக்குத் தெரியுமா? சுவத்துக்கு அந்தப் பக்கந்தான இருந்த. நீ வந்தியா?"

 அவள் அழவில்லை.

"அவரு அந்தோணியாருனு சொன்னாரு. அவரு முகத்துல அப்படி ஒரு சந்தோஷம். அதை நான் எந்த வாயால இல்லன்னு சொல்ல? கௌசல்யாகிட்டயும், அவன் குடிக்காம இருக்கும்போது ஆரம்பினுதான் சொன்னேன். மணிமாறனுக்கு ஏது தவக்காலம்? எனக்கு அது உறைக்கலயே, வினோ. எனக்கு அது உறைக்கலயே."

தலையில் அடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். மிச்ச மாத்திரையை எறியச் சொன்னேன். எறிந்துவிடுகிறேன் என்று பிள்ளைகள் மேல் சத்தியம் செய்தாள்.

மணிமாறன் பிழைத்தான். எழுந்து நடமாட ஆரம்பித்ததும் கௌசல்யாவைக் கூட்டிக்கொண்டு பாலசமுத்திரத்துக்கே போய்விட்டான். போகும்போது அவள் எங்கள் தெருவைத் திரும்பிப் பார்க்கவில்லை.

அண்ணன் வீட்டில் சாப்பிடுவதை நிறுத்தினான். காலையில் டீக்கடை இட்லி, மத்தியானம் மெயின் ரோட்டு ஓட்டல் சாப்பாடு. தண்ணீர்கூடக் குழாயில் பிடித்துத்தான் குடித்தான். மதினி தூக்குச் சட்டியில் சோறும் வெஞ்சனமும் கொண்டுபோய்க் கொட்டகை வாசலில் வைப்பாள். அது அப்படியே திரும்பி வரும். நான் கொண்டுபோனேன்.

"என் கையாலயும் சாப்பிட மாட்டியா அண்ணே? நானும் மருந்து வைக்கிறவளா?"

"உன் மேல எனக்கு என்ன கோவம்? யாரு சோறும் வேணாம்" என்றான். "உடம்புல கெடக்குறது எல்லாம் வெளிய போகட்டும் வினோ. சார் பண்ற மாதிரி நானும் ஒரு ஆராய்ச்சி பண்ணிப் பாக்குறேன்."

"என்ன ஆராய்ச்சி?"

"குடியை விட்டது நானா, மாத்திரையானு. அது போனதுக்கு அப்புறம் இதே தொட்டிக்கு முன்னால நிக்கப் போறேன். குடிக்காம நின்னுட்டா, விட்டது நான்தான். அந்தோணியாரும் வேணாம், உங்க மதினியும் வேணாம். மேடையில நான் சொன்னது பொய் இல்லைன்னு ஆயிடும்ல?"

"குடிச்சிட்டா?"

அண்ணன் தொட்டியைக் கலக்குகிற கழியை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டான்.  அங்கிருந்து நேராகச் சார்லஸ் சாரிடம் போனேன். எல்லாவற்றையும் சொன்னேன். பாவம், அவரும் நிலைகுலைந்துதான் போனார். மணிமாறனுக்கு ஆனதிலிருந்து சரியாகத் தூங்கவில்லை என்றார். ஆனாலும் அவர் சொன்னது இதுதான்.

"உங்க அண்ணன் கேஸ் போயிட்டா என் ரிசல்ட்டே நிக்காது வினோலியா. 'மருத்துவ உதவியோடு'னு ஒரு வரி சேர்த்துக்கலாமா?"

"சேர்த்துக்கங்க சார்" என்றேன். "அப்படியே, 'அவருக்குத் தெரியாமல்'னும் ஒரு வரி சேர்த்துக்கங்க."

அவர் முகம் சுருங்கியது. சொன்னதற்காக நான் வருத்தப்படவில்லை. பிறகு அவரே எழுந்து, இனி குடிக்கிற ஆள் யாரையும் கொட்டகைக்குள் விட வேண்டாம், அண்ணனையும் வெளியே கொண்டுவந்து பாட்டில் கழுவுகிற பக்கம் போடலாம் என்றார். என்னோடு வண்டியில் வந்து அண்ணனிடம் கையைப் பிடித்துக் கெஞ்சினார். அண்ணன் மாட்டேன் என்றுவிட்டான்.

"இது என்னோடதுன்னு நீங்கதான சார் சொன்னீங்க? தன்னோடதைக் காவல் காப்பான்னு சொன்னீங்கல்ல? நீங்களே நம்பலயா?"

சாருக்கும் வேறு வழி இல்லை. வடிக்கிற பருவம் வேறு. அண்ணன் மூக்கை விட்டால் அங்கே வேறு மூக்கும் இல்லை. போய்விட்டார்.

அந்த இரண்டு வாரமும் எங்கள் வீட்டில் யாரும் மனுஷராக இல்லை. நான் கொட்டகையைச் சுற்றிச் சுற்றி வருவேன். மதினி கோயிலில் முழங்காலில் கிடப்பாள். அண்ணன் இளைத்துக்கொண்டே வந்தான். மதினி கல்யாணமாகி வந்த நாளிலிருந்து அவள் கைச் சோறே தின்ற மனுஷன், திண்டுக்கல்லுக்குப் போகிற லாரிக்காரர்களோடு ஓட்டல் பெஞ்சில் உட்கார்ந்து புரோட்டா பிய்த்துத் தின்பதை நான் ரோட்டிலிருந்து பார்ப்பேன். ஊருக்கு அது வேடிக்கை. "ஆரோக்கியம் வீட்டுல சோத்துக்கு முந்தி டாக்டர் சீட்டு வேணுமாம்ல" என்று ஒருவன் சொல்லப்போய், நான் செருப்பைக் கழற்றிவிட்டேன்.

ஒரு செவ்வாய்க்கிழமை. அண்ணன் கோயிலுக்குப் போகவில்லை. அந்தப் பக்கம் போவதையே விட்டிருந்தான். உச்சி வெயில் நேரம். மதினியும் நானும் அடுப்படி வாசலில் மொச்சை உரித்துக்கொண்டிருந்தோம். வாசலில் நிழல் விழுந்தது. அண்ணன்.

இரண்டு பேரும் எழுந்துவிட்டோம். எனக்கு முதலில் அவன் வாயைத்தான் மோந்து பார்க்கத் தோன்றியது. பக்கத்தில் போனேன். கொட்டகை வாடை சட்டையில் இருந்தது, வாயில் இல்லை. முகம் சிவக்கவில்லை. கால் சரியாகத் தரையில் நின்றது.

"இன்னைக்கு மொண்டேன்" என்றான். "நல்லா தெளிஞ்ச ரசம். ஒரு டம்ளர் நெறைய. உதடு வரைக்கும் கொண்டு போனேன். நனைஞ்சுகூடப் போச்சு. கொட்டிட்டேன்."

"சேசுவே!" என்று மதினி மார்பில் சிலுவை போட்டுக்கொண்டாள். நான் அவன் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டேன். எனக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது.

"அப்ப நீதான் அண்ணே! நீதான் விட்டுருக்க! சார்கிட்ட இப்பவே போன் போட்டுச் சொல்றேன் பாரு!"

அண்ணன் கையை உருவிக்கொண்டான். சுவரோரமாகத் தரையில் உட்கார்ந்தான்.

"ஏன் கொட்டுனேன்னு கேக்கலயே."

 அவனே சொன்னான்.

"பயந்து கொட்டுனேன். மாத்திரை இன்னும் துளியூண்டு உள்ள கெடந்துருமோன்னு பயந்து. மணி நெளிஞ்சானே, அந்த மாதிரி ஆயிருமோன்னு. வேற ஒண்ணும் என் மனசுல இல்ல. நீ இல்ல, புள்ளைக இல்ல, சாமி இல்ல. கொட்டிட்டு, தரையில ஓடுனதையே பாத்துக்கிட்டு நின்னேன். குனிஞ்சு மண்ணோட நக்கிரலாம்னு வந்துச்சு வினோ. நெசமா வந்துச்சு."  "நாளைக்கு அந்தப் பயம் இருக்காது. நாளைக்குக் கொட்ட மாட்டேன்."

அடுப்பில் உலை கொதித்து மூடி தடதடத்தது. யாரும் போய் இறக்கவில்லை.  

மதினிதான் முதலில் அசைந்தாள். உள்ளே போய் உளுந்து டப்பாவுக்குள் கையை விட்டுத் துழாவினாள். எறிந்துவிடுகிறேன் என்று சத்தியம் செய்தாளே, அந்த மாத்திரை அட்டை. ஒரு மாத்திரையைப் பிதுக்கி எடுத்து, உள்ளங்கையில் வைத்து, இன்னொரு கையில் சொம்புத் தண்ணீரோடு வந்து அவன் முன்னால் மண்டியிட்டாள். 

"இனிமே ஒளிச்சுச் செய்ய மாட்டேங்க. இந்தாங்க, நீங்களே உங்க கையால எடுத்துப் போட்டுக்கங்க. டாக்டரம்மாகிட்டயும் போவோம்."

அண்ணன் அந்த வெள்ளை மாத்திரையைப் பார்த்தான்.  பிறகு முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டான்.

"கையில குடுக்காத மேரி" என்றான். "பசிக்குது. சோறு போடு. அதை, எப்பவும் போல, எனக்குத் தெரியாமப் போடு."

மதினி எழுந்தாள். மாத்திரையை உள்ளங்கைக்குள் மூடிக்கொண்டு அடுப்படிக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.